ஓவியப் பேராசான் நந்தலால் போஸ்

பண்டைத் தமிழர் ஓவியக் கலையைப் போற்றி வளர்த்தனர். ஓவியம் எழுதுவோரைக் கண்ணுள்வினைஞர் என்றும், அவர்தம் கைக்கருவியைத் துகிலிகை, வட்டிகை என்றும், வண்ணம் ஊட்டப்பெறாது கோட்டளவில் நிற்கும் சித்திரத்தைப் புனையா ஓவியம் என்றும் நம் இலக்கியங்கள் வழங்கும். புனையா ஓவியமே ஏனைய ஓவியங்களுக்கெல்லாம் அடிப்படையாகும். இசை பயில்வோன் நாள்தோறும் குரலைப் பழக்குதல் போல, ஓவியம் பயில்வோன் நாள்தோறும் கோடுகளைப் பழக்குதல் வேண்டும். அங்ஙனம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஓயாது பழகி, கண்டன யாவற்றையும் சிறு சிறு தாள்களில் எழுதிச் சேர்த்து, மண்ணையும் கரியையும் மையையும் ஆராய்ந்து புதுப்புது வழிகளில் கையாண்டு, நம் நாட்டு ஓவியத்திற்குப் புத்துயிர் அளித்த பெரியார் ஒருவர் வங்க நாட்டில் வாழ்ந்தார். அவரே நந்தலால் போஸ் ஆவார்.

நந்தலால், பீகார் மாநிலத்து முங்கேர் மாவட்டத்தைச் சேர்ந்த கரக்பூர் என்னும் சிற்றூரில் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திரர் தர்பங்கா அரசரின் நிலங்களை மேற்பார்க்கும் பணியில் இருந்தார். அன்னையார் சேத்திரமணி அம்மையார் பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். பழந்துணியும் களிமண்ணும் அவ்வம்மையார் கைப்பட்டுப் பாவைகளாக மாறுவதைச் சிறுவர் நந்தலால் இமையாது நோக்கியிருப்பார். ஊரில் குயவர் கலம் வனையும் இடத்திலும், விழாக் காலங்களில் தெய்வ உருவங்கள் சமைக்கும் இடத்திலும் அவரைக் காணலாம். இளமையிலேயே அன்னையை இழந்தார் எனினும், அவ்வன்னையார் கைவழியே வந்த கலை அவரை விட்டு நீங்கவில்லை.

உயர்நிலைக் கல்வியின் பொருட்டு நந்தலால் கல்கத்தா நகருக்கு அனுப்பப்பெற்றார். பள்ளியிறுதித் தேர்வில் வெற்றி பெற்றுக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆயினும் பாடங்களில் அவர் உள்ளம் ஈடுபடவில்லை. கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றார். வணிகவியல் பயில முயன்றார், அதுவும் கைகூடவில்லை. இதற்கிடையில் 1903ஆம் ஆண்டு சுதீரா தேவி என்னும் நங்கையை மணந்திருந்தார். குடும்பப் பொறுப்பு ஒருபுறமும், கைகூடாத படிப்பு ஒருபுறமும் அவரை வருத்தின. ஓவியம் எழுதி ஒருவன் பிழைக்கக்கூடும் என்று அந்நாளில் நம்பியோர் மிகச் சிலர். சுற்றத்தார் விரும்பிய வழியிற் செல்வதா, தம் உள்ளம் விரும்பிய வழியிற் செல்வதா என்னும் வினா அவர் முன் நின்றது. அவர் துணிந்து தம் வழியைத் தெரிந்துகொண்டார். தாம் எழுதிய படங்களை எடுத்துக்கொண்டு கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியை நாடிச் சென்றார்.

அப்பள்ளியின் தலைவராக அந்நாளில் இருந்தவர் ஹாவெல் என்னும் ஆங்கிலேயர். இவர் அதற்குமுன் நம் சென்னை ஓவியப் பள்ளியிலும் தலைமைப் பணி ஆற்றியவர். இந்தியர் மேனாட்டு ஓவியங்களைப் பார்த்து அப்படியே படியெடுப்பதை விடுத்துத் தம் நாட்டு மரபைப் பயில வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருக்குத் துணையாய் அமைந்தவர் அவனீந்திரநாத் தாகூர். கவியரசர் இரவீந்திரநாதரின் உடன்பிறந்தார் மைந்தர் முறையினராகிய இவரிடம் நந்தலால் 1905ஆம் ஆண்டில் மாணவராயினார். பிற்காலத்தில் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌதுரியும் இவரிடம் பயின்றவரே.

ஆசிரியரும் மாணவரும் கொண்டிருந்த அன்பினை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். உமையம்மை தவம் செய்யும் காட்சியை நந்தலால் ஒருமுறை ஓவியமாக எழுதினார். அதனை ஆசிரியரிடம் காட்டினார். படத்தில் வண்ணம் குறைந்திருக்கிறது என்றும், அம்மைக்கு அணிகலன்கள் சில சேர்க்கலாம் என்றும் ஆசிரியர் கூறினார். மாணவர் ஒன்றும் மறுமொழி கூறாது படத்தை எடுத்துக்கொண்டு சென்றார். அன்றிரவு அவனீந்திரருக்கு உறக்கம் வரவில்லை. தவம் புரியும் நங்கைக்கு அணிகலன் எதற்கு? அந்த மங்கிய வண்ணமே தவத்தின் நிறமன்றோ? மாணவன் கண்ட காட்சியைத் தாம் கெடுத்துவிட்டோமோ என்று அவர் கலங்கினார். பொழுது புலர்ந்ததும் மாணவரின் இருப்பிடத்திற்கு விரைந்தோடினார். நந்தலால் படத்தின்முன் வண்ணத்தோடு அமர்ந்திருந்தார். ஆனால் இன்னும் தூரிகையைத் தொடவில்லை. ஆசிரியர் அவரைத் தடுத்துப் படத்தை உள்ளபடியே விட்டுவிடுமாறு கூறினார். ஒருவன் தன் கண்ணால் கண்டதையே எழுத வேண்டும் என்னும் பாடத்தை அன்று இருவருமே கற்றனர் எனலாம்.

கல்கத்தாவில் 1907ஆம் ஆண்டில் தோன்றிய கீழ்நாட்டுக் கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில், சிவபெருமானையும் சதியையும் காட்டும் நந்தலாலின் ஓவியம் 500 ரூபாய் பரிசு பெற்றது. அந்நாளில் அது பெருந்தொகை. அதனை அவர் வீட்டிற் பூட்டி வைக்கவில்லை. நம் நாட்டின் பழஞ்சிற்பங்களையும் ஓவியங்களையும் நேரிற் காணும் பொருட்டு அதனைச் செலவிட்டார். வடநாட்டுத் தலங்களையும் தென்னாட்டுக் கோயில்களையும் சுற்றி வந்தார். பின்னர் 1909ஆம் ஆண்டின் இறுதியில் ஹெரிங்காம் அம்மையார் என்னும் ஆங்கில ஓவியருக்குத் துணையாக அஜந்தாக் குகைகளுக்குச் சென்று, ஆங்குள்ள சுவரோவியங்களைப் படியெடுத்தார். நூற்றாண்டுகள் பல கடந்தும் அச்சுவர்களில் உயிரோடு விளங்கும் கோடுகளை ஒவ்வொன்றாகத் தம் கையால் மீண்டும் எழுதியது அவருக்கு ஒரு பெரும் பல்கலைக்கழகக் கல்விக்கு ஒப்பாயிற்று. 1921ஆம் ஆண்டில் பாக் குகை ஓவியங்களையும் இங்ஙனமே படியெடுத்தார்.

இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனத்தில் 1919ஆம் ஆண்டு கலாபவனம் என்னும் கலைப் பள்ளியைத் தொடங்கினார். நந்தலால் ஆங்குச் சென்று நிலையாகத் தங்கினார். பின்னர் அதன் தலைவராகி 1951ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பினை ஏற்று நடத்தினார். சாந்திநிகேதனம் செம்மண் நிலம்; பனையும் சாலும் ஓங்கி வளர்ந்த இடம்; சாந்தால் என்னும் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள் சூழ்ந்தது. நகரத்திலிருந்து வந்த ஓவியர்க்கு அந்நிலமே புதிய ஆசிரியராயிற்று.

அங்கேதான் அவருடைய பழக்கம் ஒன்று பெருகி வளர்ந்தது. வெளியே செல்லும்போதெல்லாம் அஞ்சலட்டை அளவினவாகிய வெற்றுச் சீட்டுகளைக் கையோடு கொண்டு செல்வார். வழியிற் காணும் எதனையும் அவர் விடுவதில்லை. வண்டியிழுக்கும் எருமை, குட்டிக்குப் பாலூட்டும் ஆடு, கூடை சுமந்து செல்லும் பெண், மழைக்கு ஒதுங்கி நிற்கும் மக்கள், காற்றில் வளையும் பனையோலை, உதிர்ந்து கிடக்கும் சருகு ஆகிய யாவும் சில நொடியில் சீட்டில் ஏறிவிடும். ஒருநாள் பென்சிலால் எழுதுவார். ஒருநாள் பேனாவால் எழுதுவார். பிறிதொருநாள் தூரிகையை மையில் தோய்த்து எழுதுவார். ஒரே பொருள் கருவிக்கேற்பத் தோற்றம் மாறுவதை உற்று நோக்குவார். பென்சில் தயங்கித் தயங்கிச் செல்லவும் இடம் தரும், தவறினால் அழிக்கலாம். மையோ அழியாது, ஆதலின் கை நகருமுன் கண் முடிவு செய்துவிட வேண்டும். தூரிகை அழுத்தத்திற்கேற்பத் தடித்தும் மெலிந்தும் செல்லும்; ஆதலின் ஒரே வீச்சில் எருமையின் முதுகும் அதன் பாரமும் தோன்றிவிடும். இவ்வுண்மைகளைச் சொல்லால் அறிவதைக் காட்டினும் கையால் அறிதலே சிறந்தது.

இச்சீட்டுகள் பலவற்றை அவர் தம் நண்பர்க்கும் மாணவர்க்கும் மடலாக விடுத்தார். ஏனைய பல அவரிடமே தங்கின. அவை அவருக்கு நாட்குறிப்பாகவும் கருவூலமாகவும் பயன்பட்டன. பெரிய ஓவியம் எழுத நேர்ந்தபோது அக்கருவூலத்திலிருந்து வேண்டும் வடிவங்களை எடுத்துக்கொண்டார். அவர் குடும்பத்தினர் வழியாகப் புதுதில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்திற்கு வந்துள்ள அவருடைய படைப்புகள் ஏறத்தாழ 7000 ஆகும். அவற்றுள் மிகப் பல இத்தகைய சிறு தாள்களே.

1924ஆம் ஆண்டில் தாகூருடன் நந்தலால் சீனத்திற்கும் ஜப்பானுக்கும் சென்றார். ஆங்குள்ள ஓவியர் மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு அரைத்து, அம்மை ஒன்றினாலேயே மலையும் மஞ்சும் தோன்றச் செய்வதைக் கண்டார். அம்முறை அவர் உள்ளத்தில் நன்கு பதிந்தது. முதுமையில் அவர் எழுதிய ஓவியங்கள் பல, கருமை ஒன்றையே கொண்டு அமைந்தவை.

ஓவியத்திற்குரிய பொருள்களை ஆராய்வதில் அவருக்கிருந்த வேட்கை எல்லையற்றது. கடையில் விற்கும் விலையுயர்ந்த வண்ணங்களை மட்டும் நம்பியிருப்பது அவருக்கு உடன்பாடன்று. 1922ஆம் ஆண்டில் சாந்திநிகேதனம் வந்த பேட்ரிக் கெடிஸ் என்னும் அறிஞர், சுவரில் ஓவியம் எழுதுமாறும், வேறொன்றும் கிடையாவிடில் கரியைக் கொண்டேனும் எழுதுமாறும் அவரை ஊக்கினார். சில நாளில் அழிந்தாலும் காண்போர் உள்ளத்தில் அது நிற்கும் என்பது அவ்வறிஞர் கருத்து. நந்தலால் அதனை உவந்து ஏற்றார். ஈரச் சுண்ணச் சாந்தில் வண்ணம் தீட்டும் முறையை ஜெய்ப்பூரிலிருந்து வந்த கைவினைஞரிடம் மாணவரோடு தாமும் ஒரு மாணவராய் அமர்ந்து பயின்றார். மண்குடிசைச் சுவர்களில் புடைப்புருவங்கள் சமைத்து, மழைக்குக் கரையாதிருக்கத் தாரைப் பூசி அமைத்த விடுதியொன்று 1930களில் அவரும் அவர் மாணவரும் செய்த முயற்சியாகும். கருமை நிறம் பற்றி அதனைக் கருவீடு என்னும் பொருள்பட வங்க மொழியில் வழங்குவர்.

1930ஆம் ஆண்டில் தாகூர் குழந்தைகளுக்கென எழுதிய வங்க மொழிப் பாடநூலுக்கு நந்தலால் படங்கள் அமைத்தார். இதற்கு லினோலியம் என்னும் தரைவிரிப்புப் பொருளை அவர் பயன்படுத்தினார். அதனை உளியாற் செதுக்கினால் செதுக்கிய இடம் அச்சில் வெண்மையாக நிற்கும். செதுக்காத இடம் மையேற்றுக் கருமையாகத் தோன்றும். அதே ஆண்டில் அண்ணல் காந்தியடிகள் உப்பு வரியை எதிர்த்துத் தண்டி நோக்கி நடந்தார். கைத்தடி ஊன்றி விரைந்து நடக்கும் அண்ணலின் உருவத்தை நந்தலால் இம்முறையிலேயே செதுக்கினார். கரிய பின்னணியில் வெண்கோடுகள் சிலவே உள்ளன. எனினும் அந்நடையின் உறுதி முழுவதும் அவற்றில் அடங்கியுள்ளது.

காந்தியடிகள் நந்தலாலிடம் பெருமதிப்புக் கொண்டிருந்தார். 1936ஆம் ஆண்டில் லக்னோவிலும், அவ்வாண்டின் இறுதியில் பைஸ்பூர் என்னும் சிற்றூரிலும் கூடிய காங்கிரசு மாநாடுகளுக்குக் கலையணி செய்யும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. பின்னர் 1938ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் குசராத்தைச் சேர்ந்த ஹரிபுராவில் மாநாடு கூடியது. சுபாசு சந்திர போசு அதற்குத் தலைமை தாங்கினார். நகரத்துச் செல்வர் காண்பதற்காக அமைந்த கண்காட்சி அன்று அது. தம் வாழ்நாளில் ஓவியக்கூடம் ஒன்றிற் காலடி வைத்தறியாத உழவரும் தொழிலாளரும் ஆயிரக்கணக்காகக் கூடும் இடம் அது. கலை அவர்க்குரியதா, அன்றிக் கற்றோர் சிலர்க்கே உரியதா என்பதே அங்கு எழுந்த வினா. அவ்வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு ஓவியர் மேல் விழுந்தது.

நந்தலால் தம் பழைய வழக்கத்தையே துணைக்கொண்டார். முதலில் மக்களைக் கண்டு கோட்டோவியங்கள் எழுதினார். பின்பு பொருள்களைத் தேடினார். வைக்கோல் அட்டைமேல் கையாற் செய்த தாள் ஒட்டப்பெற்றது. காவிக்கல்லிலிருந்து செந்நிறமும், மஞ்சள் மண்ணிலிருந்து மஞ்சள் நிறமும், வெண்மண்ணிலிருந்து வெண்ணிறமும், புகைக்கரியிலிருந்து கருநிறமும் கிடைத்தன. சற்றேறக்குறைய இரண்டடிச் சதுரமான பலகைகளில், மாணவர் துணையோடு ஏறத்தாழ 400 ஓவியங்கள் உருவாயின. அவற்றில் அரசரும் அமைச்சரும் இல்லை. முழவு கொட்டுவோன், வீணை வாசிப்போன், மற்போர் புரிவோன், தச்சன், தையற்காரன், பஞ்சு கொட்டுவோன், நெல் குற்றும் பெண், காளையை அடக்குவோன் ஆகியோரே இருந்தனர். காண வந்த எளியோர் தம்மைத் தாமே அங்குக் கண்டனர். தம் காலடியில் மிதிபடும் மண்ணே தம் உருவமாகி நிற்பதையும் கண்டனர். இவ்வோவியங்களே ஹரிபுரா ஓவியங்கள் என்று இன்றளவும் புகழப்படுகின்றன.

நாடு விடுதலை பெற்றபின் இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் படி அணிசெய்யப்பெற வேண்டியிருந்தது. அப்பணியையும் நந்தலாலும் அவர் மாணவருமே நிறைவேற்றினர். நூலின் 22 பகுதிகளின் முகப்பிலும் நம் நாட்டு வரலாற்றைக் காட்டும் ஓவியங்கள் அமைந்துள்ளன. சோழர் காலச் செப்புத் திருமேனியாகிய ஆடல்வல்லான் உருவமும், மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமும் அவற்றுள் இடம் பெற்றிருப்பது தமிழராகிய நமக்குப் பெருமை தருவதாகும்.

நந்தலால் சிறந்த ஓவியர்; அதனினும் சிறந்த ஆசிரியர். தம்மைப்போல எழுதுமாறு அவர் எவரையும் வற்புறுத்தவில்லை. இயற்கை, மரபு, தனித்திறன் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடினாலே கலை சிறக்கும் என்னும் ஜப்பானிய அறிஞர் ஒக்ககுராவின் கொள்கையை மாணவர்க்கு உணர்த்தினார். இயற்கையை மட்டும் பற்றினால் படியெடுப்பாகும். மரபை மட்டும் பற்றினால் உயிரற்றதாகும். தனித்திறனை மட்டும் பற்றினால் பித்தாகும். அவரிடம் பயின்ற பினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோர் ஒருவரையொருவர் ஒவ்வாத தனிவழிகளில் புகழ் பெற்றனர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1942ஆம் ஆண்டு விடுதலைப் போரிற் சிறை சென்று, பின்னர்ச் சாந்திநிகேதனம் சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியனும் அவர் மாணவரே. 1954ஆம் ஆண்டில் இந்திய அரசு நந்தலாலுக்குப் பத்ம விபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. அவர் 1966ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 16ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அதே 1966ஆம் ஆண்டில் நம் சென்னைக்குத் தெற்கே, கடற்கரையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் சிற்றூர் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த கே. சி. எஸ். பணிக்கர், ராய் சௌதுரியிடம் பயின்றவர். ஆகவே அவனீந்திரரிடம் தோன்றிய கலைமரபின் ஒரு கிளை வங்கத்துச் செம்மண்ணிலும், மற்றொரு கிளை நம் கடற்கரை மணலிலும் வேரூன்றியது எனலாம்.

மாணவர்களே! சிறுசேரி போன்ற ஊர்களில் வாழும் நீங்கள் நாள்தோறும் எத்தனையோ காட்சிகளைக் காண்கின்றீர்கள். ஒருபுறம் வானளாவிய கணிப்பொறி நிறுவனக் கட்டடங்கள். மறுபுறம் ஏரியும் பனைமரமும் மேயும் ஆடுகளும். கிழக்கே முட்டுக்காட்டு உப்பங்கழி. தெற்கே சென்றால் மாமல்லபுரம். இவற்றையெல்லாம் எழுதிவைக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. பையில் அடங்கும் சிறு ஏடு ஒன்றும் பென்சில் ஒன்றும் போதும். நாளுக்கு ஒரு படமேனும் எழுதுங்கள். அடியில் நாளும் இடமும் குறியுங்கள். சரியாக அமையாத படத்தைக் கிழித்தெறியாதீர்கள். நேற்றைய கோட்டை இன்றைய கோட்டோடு ஒப்பிட அதுவே துணை செய்யும்.

பொருள்களையும் ஆராய்ந்து பாருங்கள். சவுக்குக் கரி, செங்கல் தூள், செம்மண், மஞ்சள், இலைச்சாறு ஆகியவற்றைத் தனித்தனியே பிசின் நீரிற் குழைத்து ஒரு தாளில் வரிசையாகப் பூசுங்கள். அத்தாளை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை ஏட்டினுள் வைத்து, மறுபாதியை வெயில் படும் இடத்தில் வையுங்கள். சில கிழமை கழித்து இரண்டையும் ஒப்பிட்டால் மஞ்சள் வெளிறியிருப்பதையும், செம்மண்ணும் கரியும் மாறாதிருப்பதையும் காண்பீர்கள். அஜந்தாவிலும் சித்தன்னவாசலிலும் பழைய ஓவியர் மண்ணையும் கல்லையும் நாடியதன் காரணம் அப்போது உங்களுக்கு ஆசிரியர் கூறாமலே விளங்கும்.

தேர்வில் தோற்ற இளைஞர் ஒருவர் நாட்டின் அரசியலமைப்பையே அணிசெய்யும் நிலைக்கு உயர்ந்தார். அவ்வுயர்விற்கு வழியாக அமைந்தவை அவர் நாள்தோறும் எழுதிய சிறு சீட்டுகளே. உற்று நோக்கும் கண்ணும், ஓயாது பழகும் கையும், எளிய பொருளை இகழாத உள்ளமும் உடையவர்க்கு இவ்வுலகில் எய்தவொண்ணாதது யாதும் இல்லை.